கடலை அறிந்தவரும் கட்டணம் கட்டியவரும்

ஸ்கூபா பயிற்றுநருக்கான சான்றிதழ் நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய பாடி, 1970இல் வந்த எஸ்.எஸ்.ஐ., 1959இல் மொனாக்கோவில் உருவான சிமாஸ் போன்ற சில அமைப்புகளின் பெயரில்தான் உலகெங்கும் இந்தத் தொழில் நடக்கிறது. அந்தமானின் ஹெவ்லொக் தீவில் தேறியவர் திருகோணமலை நிலாவெளியில் வேலை கேட்கலாம். உணவட்டுனவில் தேறியவர் மாலைதீவுக்கு விண்ணப்பிக்கலாம். பாடநூலும் பரீட்சையும் புள்ளியிடும் முறையும் ஒன்றே. இருந்தும் அந்தச் சான்றிதழ் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்று பார்த்தால் இலங்கையிலும் இந்தியாவிலும் இரண்டு வேறு வழிகள் தெரிகின்றன. இந்தியாவில் பெரும்பாலும் முன்பணம் கட்டிப் படிக்க முடிந்தவரே பயிற்றுநராகிறார். இலங்கையில் சுழியோட்ட நிலையத்தில் எடுபிடியாகச் சேர்ந்த கரையோர இளைஞரும் தொழிலுக்குள் வந்துவிடுகிறார். ஆனால் பயிற்றுநர் பரீட்சையின் வாசலில் பலர் நின்றுவிடுகின்றனர். இந்த இரு வழிகளுக்கும் வெளியே, தலைமுறை தலைமுறையாகக் கடலுக்கடியில் பிழைத்துவந்த மன்னார் வளைகுடாவின் சுழியோடிகள் இருக்கின்றனர். மூவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரே முடிவுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது. கடலறிவு போதாமையால் இந்தத் தொழிலில் தடைப்படுகிறவர்களைவிடப் பரீட்சைக்கு முன் கட்டவேண்டிய பணம் இல்லாமல் தடைப்படுகிறவர்கள் அதிகம். அந்தப் பணத்தைத் தொழிற்கல்விச் செலவாக ஏற்றுக்கொள்வது இரு அரசுகளினதும் கடமை.

பயிற்சி எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்க்கவேண்டும். பாடி முறையில் தொடக்கப் பாடம் 18 மீற்றர் ஆழத்துக்கும் அடுத்த பாடம் 30 மீற்றருக்கும் ஒருவரைத் தயார்செய்கின்றன. அதன்பின் மீட்புப் பாடம், பிறகு டைவ்மாஸ்டர் எனும் வழிகாட்டித் தகுதி. டைவ்மாஸ்டராக 18 வயதும் பதிவேட்டில் 60 சுழியோட்டங்களும் வேண்டும்; பயிற்றுநர் பரீட்சைக்கு 100 சுழியோட்டங்களும், முதற் சான்றிதழ் பெற்று ஆறு மாதமாவது கடந்திருப்பதும், மருத்துவர் கையொப்பமும் வேண்டும். பரீட்சையில் பௌதிகம், உடற்றொழிலியல், உபகரணம், திறன்களும் சுற்றாடலும், அமுக்கநீக்கக் கோட்பாடு என்று ஐந்து எழுத்துத் தாள்கள். ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுத்தாக வேண்டும். அதைவிடக் கடினம் நீருக்கடியில் செய்துகாட்டுவது. முகமூடிக்குள் தண்ணீரை நிரப்பி வெளியேற்றும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். பழகிய சுழியோடி இதை ஒரே மூச்சில் முடித்துவிடுவார். பயிற்றுநராக வருகிறவரோ மேல்விளிம்பைச் சற்று விலக்கி நீரை உள்ளே விடவேண்டும், நிரம்பியதை மாணவருக்குக் காட்டவேண்டும், விரல்களால் சட்டத்தின் மேற்பகுதியை அழுத்தித் தலையை மெல்ல நிமிர்த்தி மூக்கால் காற்றைவிட்டு நீர் வடிவதைக் காட்டவேண்டும். ஒவ்வொரு அசைவும் தனித்தனியாகத் தெரியவேண்டும். முதன்முறை நீருக்குள் வந்து அஞ்சியிருப்பவருக்குப் புரியும்படி அந்த அசைவுகள் நிதானமாக அமைந்தனவா என்பதற்கே பரீட்சகர் புள்ளியிடுகிறார். ஆகவே இது உடல்வலுவை மட்டும் சோதிக்கும் தேர்வு அன்று. கற்பித்தல் எனும் தனித் தொழிலின் நுழைவாயில். இந்த நியாயமான கடினத்தைக் குறைக்கச் சொல்வது என் நோக்கமும் அன்று.

கடினத்தோடு செலவும் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் சிக்கல். ஒவ்வொரு படிக்கும் பாடக் கட்டணம், பாடநூற் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று தனித்தனியே கொடுக்கவேண்டும். பயிற்றுநர் நிலைக்கு முதலுதவி கற்பிக்கும் தகுதியும் சொந்த உபகரணமும் சேர்ந்துகொள்கின்றன. தேறிய பிறகும் ஆண்டுதோறும் உறுப்புரிமைப் பணம் கட்டினால்தான் கற்பிக்கும் உரிமை தொடரும், காப்புறுதி தனி. அமைப்புக்குச் செல்லும் பணம் வெளிநாட்டு நாணயத்தில் கணக்கிடப்படுகிறது. முழுநேரமாகப் படிப்பவருக்கு 100 சுழியோட்டங்களைச் சேர்ப்பதற்குள் கழியும் மாதங்களில் வருமானம் எதுவும் கிடைக்காது. கணக்குப் போட்டால், நீச்சல் மட்டும் தெரிந்த நிலையிலிருந்து பயிற்றுநராகும்வரை ஓர் இளைஞரின் குடும்பம் சில லட்சம் இந்திய ரூபாயை முதலில் எடுத்துவைக்கவேண்டும். பல் மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ இப்படிச் செலவானால் வங்கிக் கடன் கேட்கலாம், புலமைப்பரிசில் தேடலாம். ஸ்கூபா பயிற்சியை வங்கிகள் இன்னமும் பொழுதுபோக்காகவே பார்க்கின்றன.

இந்தியாவின் நிலையை ஹெவ்லொக்கில் தெளிவாகக் காணலாம். 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு என்று பெயர் மாறிய இந்தத் தீவில் குடியிருப்போரில் மிகப் பலர் 1950களில் கிழக்குப் பாக்கிஸ்தானிலிருந்து வந்து குடியேற்றப்பட்ட வங்காளிகளின் வழிவந்தவர்கள். கோவிந்த் நகர், விஜய் நகர் கடற்கரைகளில் சுழியோட்ட நிலையங்கள் பெருகின. லைட்ஹவுஸ், டிக்சன்ஸ் பினக்கிள், ஜொனிஸ் கோர்ஜ் போன்ற இடங்கள் சுழியோடிகளிடையே பேர் பெற்றன. பயிற்றுநர் பயிற்சியையே அங்கு முடிக்கலாம். அதற்காகத் தாய்லாந்துக்குப் பறக்கவேண்டியதில்லை. ஆனால் அந்த வகுப்பில் உட்காருகிறவர்களில் கணிசமானோர் பெங்களூரு, மும்பை, சென்னை போன்ற நகரங்களிலிருந்து, பல சமயம் கணினி வேலையை விட்டுவிட்டு, சேமிப்போடு வந்தவர்கள். அவர்களுடைய துணிவும் உழைப்பும் மதிக்கத்தக்கவை. நகரத்துப் பெண்கள் இந்தத் தொழிலுக்குள் வந்திருப்பதும் நல்ல மாற்றமே. தீவின் பிள்ளைகளோ பெரும்பாலும் படகு ஓட்டுகிறார்கள், சிலிண்டர் நிரப்புகிறார்கள், உபகரணம் கழுவுகிறார்கள். 1925இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் பக்கம் குடியேறிய கரேன் சமூகத்தவர் சிலரும் வங்காளக் குடும்பத்துப் பிள்ளைகள் சிலரும் டைவ்மாஸ்டர்களாகவும் பயிற்றுநர்களாகவும் உயர்ந்திருக்கிறார்கள். ஓர் உரிமையாளர் மனம்வைத்துக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டதால்தான் அநேகமாக அது நடந்தது. தனிமனிதரின் பெருந்தன்மையை ஒரு முறைமை என்று சொல்லமுடியாது.

இலங்கையில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இங்கு வந்து குடியேறியதற்குக் கடலடி ஆர்வமே முதற் காரணம். அவரது நண்பர் மைக் வில்சன், இந்நாட்டவரான இயற்கையியலாளர் ரொட்னி ஜொங்கிளாஸ் ஆகியோர் அந்தக் காலத்திலேயே இக்கடலை ஆராய்ந்தனர். பின்னர் கிளார்க்குடன் சேர்ந்து அண்டர்வோட்டர் சஃபாரிஸ் நிறுவனத்தை நடத்திய ஹெக்டர் ஏக்கநாயக்க, குத்துச்சண்டை வீரராக இருந்து சுழியோட்டத்துக்கு வந்தவர். கடலோடு பழகிய உள்ளூரவர் வேலையிலேயே கற்று உயரும் வழக்கம் இப்படி ஆரம்பத்திலிருந்தே இங்கு இருந்தது. ஹிக்கடுவையில் இன்றும் அதைக் காணலாம். பாடசாலையை விட்டதும் ஓர் இளைஞர் நிலையத்தில் சேர்கிறார். கொம்பிரசரை இயக்கப் பழகுகிறார். வெளிநாட்டவரோடு படகில் போய் வந்து ஆங்கிலமும் கொஞ்சம் ஜெர்மனோ ரஷ்யனோ பேசக் கற்கிறார். சில பருவங்களில் வழிகாட்டியாகிவிடுகிறார். பருவமழையும் இதற்குத் துணைநிற்கிறது. தென்மேற்குக் கரையில் நவம்பர் முதல் ஏப்ரல்வரை கடல் அமைதி. மே முதல் செப்டெம்பர்வரை கிழக்குக் கரையின் முறை. ஏப்ரல் முடிய உணவட்டுனவிலிருந்து மூட்டை கட்டுகிறவர் நிலாவெளியிலோ பாசிக்குடாவிலோ வேலையைத் தொடரலாம். அந்தமானில் ஜூன் பிறந்தால் மழைக்காலம் பிடித்துக்கொள்கிறது; பல நிலையங்களில் வேலை சுருங்குகிறது, பயிற்றுநர்கள் வீடு திரும்புகிறார்கள். ஆண்டு முழுதும் ஒரே நாட்டில் கடலில் இறங்கக்கூடிய இந்த வாய்ப்பு, வேலை செய்தபடியே 100 சுழியோட்டங்களைச் சேர்க்க நினைக்கும் ஏழை இளைஞருக்குப் பெரிய கொடை.

அந்தக் கொடை பாதி வழியில் வீணாகிறது. வழிகாட்டியாகும்வரை அனுபவம் ஒருவரைக் கூட்டிச்செல்லும். பயிற்றுநர் பரீட்சைக்கு டொலரில் கணக்குத் தீர்க்கவேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த நாணய மதிப்பு மே மாதத்தில் ஏறத்தாழ 360க்குப் போனது. கட்டணப் பட்டியலில் ஒரு சதம் கூடாமலே ரூபாயில் சம்பளம் வாங்கும் டைவ்மாஸ்டருக்குப் பயிற்றுநர் படி முக்கால் மடங்குக்குமேல் விலை ஏறியது. அதற்குமுன் 2019இன் ஈஸ்டர் குண்டுவெடிப்பும் தொற்றுக்காலமும் சுற்றுலாவைக் குலைத்துச் சேமிப்பைக் கரைத்திருந்தன. இதன் விளைவை நிலையங்களில் பார்க்கலாம். கடலை உள்ளங்கைபோல் அறிந்த உள்ளூர் வழிகாட்டி முன்னால் நீந்துகிறார். பாடம் நடத்திக் கையொப்பமிடும் உரிமை, அந்தப் பருவத்துக்கு வந்துபோகும் வெளிநாட்டுப் பயிற்றுநரிடம் இருக்கிறது. பாடம் நடத்தினால் வரும் வருமானம் வழிகாட்டுவதால் வருவதைவிட அதிகம் என்பதால் இந்த இடைவெளி ஆண்டுதோறும் அகலமாகிறது.

இந்த இடத்தில் இந்தியா ஒரு பாடத்தைத் தருகிறது. இந்தியாவில் வெளிநாட்டவருக்குத் தொழில் விசா வழங்க ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்குக் குறையக்கூடாது என்பது நீண்டகாலமாக இருந்துவந்த பொது விதி. சுழியோட்ட நிலையங்கள் கொடுக்கும் சம்பளத்துக்கு அது எட்டாத உயரம். அதனால் இந்திய நிலையங்கள் இந்தியப் பயிற்றுநர்களைத் தேடவேண்டியதாயிற்று. அவர்களை உருவாக்கும் வகுப்புகளும் உள்நாட்டிலேயே தோன்றின. வாடிக்கையாளர்களிலும் மிகப் பலர் உள்நாட்டவர். ஆனால் இந்த உள்நாட்டுச் சந்தைக்கும் ஒரு குறை உண்டு. அந்தமானிலும் கோவாவின் கிராண்ட் தீவிலும் மகாராஷ்டிரத்தின் மால்வணிலும் கடலில் இறங்குகிற பலர் நீச்சல் தெரியாத முதன்முறைப் பயணிகள். அவர்களுக்கான அறிமுகச் சுழியோட்டத்தில் பயிற்றுநர் ஒரு கையால் சிலிண்டரைப் பிடித்து, மறு கையால் காற்றுச் சட்டையைக் கட்டுப்படுத்தி, ஆளைப் பக்குவமாக நடத்திக்கொண்டுபோய்ப் புகைப்படம் எடுத்துத் திரும்புகிறார். பாதுகாப்புப் பொறுப்பு மிகுந்த வேலைதான். ஆயினும் நாளுக்குப் பலமுறை இதையே செய்கிறவர் முழுப் பாடம் கற்பிக்கும் திறனை வளர்க்க அதில் இடம் குறைவு. இலங்கைக்கு வருகிறவர்களில் ஏற்கெனவே சான்றிதழ் உள்ளவர்களும் முழுப் பாடம் படிக்க வருகிறவர்களும் கூடுதல். ஆகவே கற்பிக்கும் அனுபவம் இங்கே கிடைக்கிறது. கற்பிக்கும் உரிமைச் சான்றுக்கான வழி இந்தியாவில் அகலமாக இருக்கிறது. ஒன்றிடம் உள்ளது மற்றதிடம் இல்லை.

இரு நாடுகளும் ஒருமிக்கத் தவறிய இடம் மன்னார் வளைகுடா. முத்துக்குளிப்பில் மன்னாரும் தூத்துக்குடியும் கீழக்கரையும் பெற்ற பேர் பழையது. முத்துக்குளிப்பு நின்ற பிறகு அந்தக் கரைகளில் சங்கும் கடலட்டையும் எஞ்சின. இந்தியாவில் 2001 முதல் கடலட்டை பிடிப்பது வனவிலங்குச் சட்டத்தின்கீழ்த் தடை. எனவே இராமேசுவரம் பக்கத்துச் சுழியோடி அதைத் தொட்டால் குற்றவாளி. இலங்கையில் கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் எடுத்து, சிலிண்டர் கட்டி இறங்கலாம். அக்கரையில் சங்கெடுப்போர் படகிலுள்ள கொம்பிரசரிலிருந்து குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசித்தபடி கடலடியில் நடக்கின்றனர். இக்கரையில் கடலட்டைக்குப் போகிறவர் ஒரே நாளில் பல சிலிண்டர்களை வெறுமையாக்குகிறார். நீரோட்டம் திரும்புவதையும் நீர் கலங்கப்போவதையும் இவர்களைப்போல் அறிந்தவர் அரிது. மூட்டுவலியோடும் மரத்துப்போன கால்களோடும் கரையேறுகிறவர்களும் இவர்களே. ஆழத்தில் உடலில் கரைந்த நைதரசன் வெளியேற நேரம் கொடாமல் மேலெழுவதால் வரும் நோய் அது. ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் தங்கி ஏறவேண்டும் என்ற எளிய வழக்கத்தை எந்த நிலையமும் தன் மாணவருக்கு முதல் வாரத்தில் கற்பிக்கிறது. வாழ்நாள் முழுதும் கடலடியில் உழைத்தவருக்கு அதை முறையாகச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். கடலறிவு வேறு, கற்பித்தல் வேறு. பல ஆண்டு அனுபவத்தில் ஆபத்தான பழக்கங்கள் ஊறிப்போனவரிடம் ஒரு சுற்றுலாப் பயணியின் உயிரை எப்படி ஒப்படைப்பது என்று கேட்பார்கள். கேள்வி சரியானது. அனுபவத்துக்காகப் பரீட்சையைத் தளர்த்தினால் அது கொலைக்கு ஒப்பான தவறாகும். நான் வேண்டுவது அதுவன்று. இலங்கையின் தேசிய தொழில் தகைமை முறையிலும் இந்தியாவின் திறன் மேம்பாட்டுத் திட்டங்களிலும் முன்கற்றலை அங்கீகரிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. பாடசாலைக்குப் போகாத மேசனும் சமையற்காரரும் தம் கைத்திறனைக் காட்டி, குறையாக உள்ள பகுதியை மட்டும் படித்துத் தகைமை பெற அது வழிசெய்கிறது. அதே வழியில் ஒரு சுழியோடியின் நீர்ப்பழக்கத்தைக் கணக்கில் எடுத்து, அமுக்கநீக்கக் கோட்பாடு, மீட்பு, மொழி, கற்பிக்கும் முறை ஆகியவற்றை அரச செலவில் கற்பித்து, பிறகு எல்லோரும் எழுதும் அதே பரீட்சைக்கு அனுப்பலாம். கெட்ட பழக்கம் ஊறியவருக்குப் பயிற்சியை மறுப்பதால் அந்தப் பழக்கம் போய்விடாது. அவர் நாளையும் அதே வேகத்தில் மேலெழுவார். பயிற்றுநராகத் தேறாதவர்கூட ஆரோக்கியமான மூட்டுகளோடு தன் பழைய தொழிலுக்குத் திரும்புவார். அந்த ஒரு பயனே செலவுக்கு ஈடாகும்.

அரசு நுழைந்தால் அனுமதிப்பத்திரமும் கையூட்டும்தான் பெருகும், சந்தையே நல்ல பயிற்றுநர்களை உருவாக்கும் என்பது இரண்டாவது மறுப்பு. இரு நாட்டுக் கரையோரங்களிலும் வாழ்ந்தவர்களுக்கு இந்த அச்சம் புரியும். ஆனால் அரசு இப்போதும் இந்தத் தொழிலுக்கு வெளியே நிற்கவில்லை. நிலையங்களுக்கு உரிமம் கொடுப்பதும், புறாத்தீவு தேசியப் பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் வாங்குவதும், விசா விதியால் யார் வேலைசெய்யலாம் என்று தீர்மானிப்பதும் அரசே. இந்திய சுற்றுலா அமைச்சின்கீழ் 1990இல் கோவாவில் தொடங்கிய தேசிய நீர் விளையாட்டு நிறுவனம், அரசு கற்பித்தலிலும் ஈடுபட முடியும் என்பதற்குச் சான்று. பயிற்றுநர் தகுதிக்கு ஐ.எஸ்.ஓ. 24802 என்ற சர்வதேசத் தரமும் இருக்கிறது. அதற்கு ஏற்பத் தமிழிலோ சிங்களத்திலோ வங்காளத்திலோ பாடம் நடத்துவதைத் தடுக்க எவராலும் இயலாது. சந்தையைப் பொறுத்தவரை, தனக்கு இன்று தேவையானவரை அது வாங்கிக்கொள்ளும். பத்தாண்டு கழித்துத் தேவைப்படுகிறவரை வளர்க்கச் செலவழிக்காது. நிலைய உரிமையாளரைக் குறைசொல்லிப் பயனில்லை. தாம் பணம் போட்டுப் பயிற்றுவித்த இளைஞர் மறுவருடம் மாலைதீவுக்குப் போய்விட்டால் நட்டம் உரிமையாளருடையது. அந்த நட்ட அச்சத்தை ஒரு நிறுவனத்தால் தாங்கமுடியாது, ஒரு நாட்டால் தாங்கமுடியும். போனவர் அனுப்பும் பணமும் கொண்டுவரும் அனுபவமும் நாட்டுக்கே திரும்புகின்றன.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது. 1998இன் பவள வெளிறல் ஹிக்கடுவையைச் சிதைத்தது. 2010இல் அந்தமான் பவளங்கள் வெளிறின. 2024இல் உலகளாவிய நான்காவது வெளிறல் அறிவிக்கப்பட்டது. பார்க்கப் பவளமே எஞ்சாத கடலுக்கு எதற்குப் புதிய பயிற்றுநர்கள் என்று கேட்கலாம். எண்ணிக்கையைக் கண்மூடிக் கூட்டுவது தவறு என்பதை ஏற்கிறேன். ஆனால் யார் பயிற்றுநர் என்பது பவளத்தின் விதியையும் தொடுகிறது. ஒரு பருவத்துக்கு வந்துபோகிறவர் ஒரு கடற்பாறை சிதைந்தால் அடுத்த தீவுக்குப் போகலாம். அதே ஊரில் வீடும் பிள்ளைகளும் உள்ளவருக்கு அந்தப் பாறைதான் முதலீடு. நங்கூரம் பவளத்தில் விழுவதைத் தடுக்கவும், மாணவரின் துடுப்பு பவளக்கிளையில் படாமல் கற்பிக்கவும், வெளிறல் தொடங்கிய நாளை ஆய்வாளருக்குச் சொல்லவும் அவருக்கே காரணம் அதிகம். கடலட்டை எடுத்துப் பிழைத்தவர் கடலட்டையைக் காட்டிப் பிழைக்கலாம் என்றால் வளத்தின் மீதான சுமையும் குறையும்.

ஆகவே செய்யவேண்டியவை சிலவே. இலங்கை, குறைந்தது இரண்டு பருவம் வேலைசெய்த உள்ளூர் வழிகாட்டிகளுக்குப் பயிற்றுநர் பரீட்சைக் கட்டணத்தை, வேலை கிடைத்தபின் ரூபாயில் திருப்பிச் செலுத்தும் கடனாகக் கொடுக்கவேண்டும். இந்தியா, அந்தமானில் நிலையங்களுக்கு உரிமம் கொடுக்கும்போது தீவில் பிறந்த ஒருசில பயிலுநர்களை ஏற்கவேண்டும் என்பதையும் நிபந்தனையாக்கி, அவர்களின் கட்டணத்தைத் திறன் மேம்பாட்டு நிதியிலிருந்து தரவேண்டும். மன்னாரிலும் தூத்துக்குடியிலும் கடற்றொழிலாளர் சங்கங்கள் மூலம் சுழியோடிகளுக்கு முன்கற்றல் அங்கீகாரமும் பாதுகாப்புப் பயிற்சியும் தொடங்கவேண்டும். அமுக்கநீக்க நோய்க்கு இரு நாடுகளும் பெரிதும் நம்பியிருக்கும் கடற்படை மருத்துவ வசதி, கட்டணமும் தயக்கமும் இல்லாமல் இவர்களுக்குத் திறந்திருக்கவேண்டும். சுழியோட்ட நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. விலையைக் கேட்பதோடு, அங்கு பயிற்றுநராக இருப்பவர்களில் எத்தனை பேர் அந்த ஊரவர் என்றும் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்கத் தொடங்கினால் உரிமையாளர் பதில் சொல்லியே ஆகவேண்டும். உரிமையாளர்கள் கேட்கத் தொடங்கினால் அரசும் அசையும்.